தொடுதிரை நிலப்படத்தில் வஞ்சி மாநகர்

சங்க நூல்களில் வரும் ஊர்களை நிலப்படத்தில் குறிக்கும் முயற்சி தமிழாராய்ச்சியுலகிற்குப் புதியதன்று. ஆராய்ச்சி நூல்களின் இறுதியில் மடித்து வைக்கப்பெற்ற படங்கள் பலவற்றை நாம் கண்டிருக்கின்றோம். ஐயத்திற்கிடமான ஊரின் பெயரருகே வினாக்குறியிடுவதும், அடிக்குறிப்பில் காரணம் காட்டுவதும் அவற்றின் வழக்கம். அண்மையில் கொங்குநாட்டு வட்டார அருங்காட்சியகம் ஒன்றிற்காகத் தொடுதிரை நிலப்படம் அமைப்போர், அதில் இடம்பெறும் ஊர்ப்பெயர்களைச் சரிபார்த்துத் தருமாறு எம்மைக் கேட்டனர். பார்ப்போர் விரலால் ஓர் ஊரைத் தொட, அவ்வூரின் வரலாறு திரையில் விரியும். அத்திரையில் அடிக்குறிப்பிற்கு இடமில்லை. இக்கட்டுரை எழுந்தது அக்குறையினாலேயாம்.

முதற்கண் ஒரு பிழையைக் கூறுதல் தகும். ஊர்ப்பட்டியலைக் கணிப்பொறியில் இட்டவுடன், அது இக்கால ஊர்ப்பெயர்த் தொகுதியோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றிற்கும் ஒரு புள்ளியைத் தானே வைத்துவிட்டது. அவ்வாறு வைத்ததில், மேல்கடற்கரைப் பட்டினமாகிய சேரர் தொண்டி, இராமநாதபுரம் மாவட்டத்துக் கீழ்கடற்கரைத் தொண்டியிற் சென்று அமர்ந்தது! இன்று வழங்கும் பெயரை மட்டும் அறிந்த பொறி வேறு யாது செய்யும்? இப்பிழை எளிதிற் கண்டு திருத்தத்தக்கது. படத்தின் அடித்தளத்தில் இருந்த பிழைகளோ அத்துணை எளியனவல்ல. இக்கால நிலப்படத்தையே அடித்தளமாகக் கொண்டமையால், 1934இல் முடிவுற்ற மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு சங்ககாலப் படத்தில் நீலநிறத்துடன் விளங்கிற்று. இன்று கடலைவிட்டு உள்ளொதுங்கிக் கிடக்கும் கொற்கை, துறைமுகம் எனக் குறிக்கப்பெற்றும் நிலத்தின் நடுவே நின்றது. 1956இல் வகுக்கப்பெற்ற மாநில எல்லைக்கோடு சேரநாட்டை இரண்டாகப் பிளந்தது. அணையையும் எல்லையையும் நீக்கச் செய்தோம். கடற்கரையை மட்டும் கோடாக வரையாமல் மங்கிய நிறப்பட்டையாகக் காட்டுமாறு கூறினோம்.

இனி வஞ்சிக்கு வருவோம். சேரர் தலைநகராகிய வஞ்சி யாது என்பது பற்றி அறிஞர் நெடுங்காலம் வழக்கிட்டதைத் தமிழ் பயில்வோர் அறிவர். மு. இராகவையங்கார் 'சேரன் செங்குட்டுவன்' என்னும் நூலில் (1915) அது கொங்குநாட்டுக் கருவூரே என்றார். 'வஞ்சிமாநகர்' எழுதிய ரா. இராகவையங்காரும் அக்கொள்கையினரே. ச. கிருஷ்ணசாமி ஐயங்கார் 1940இல் வெளிவந்த 'சேரன் வஞ்சி' என்னும் ஆங்கில நூலில் கொடுங்கோளூரை அடுத்த திருவஞ்சைக்களமே வஞ்சி என்று வாதித்தார். இவ்விரண்டு இடங்களுக்கும் இடையே நேர்த்தொலைவு ஏறத்தாழ 220 கிலோமீட்டர். நடுவே மேற்குமலைத் தொடரும் பாலைக்காட்டுக் கணவாயும் உள்ளன.

திரையமைப்போர் எம்மிடம் வேண்டியது ஒரு புள்ளி. 'காண்போர் ஒரு திரையின் முன் சில நொடிகளே நிற்பர். இரண்டு வஞ்சிகளைக் கண்டால் மயங்குவர். உள்ளூரார் கருவூரையே விரும்புவர்' என்றனர். எம் கருத்தும் கருவூரே. ஆகலின் உடன்பட்டு ஒழிந்திருக்கலாம். அங்ஙனம் செய்யாமைக்குக் காரணம் கூறுதல் எம் கடமை.

கருவூர்க்கொள்கைக்குத் துணையாவன வலியுடையன. அகநானூற்று 93ஆம் பாட்டு கருவூரையும் பொருநை மணலையும் சேர்த்தே கூறுகின்றது. ஆன்பொருநை என்பது அமராவதியின் பழம்பெயர். கருவூருக்கு வடமேற்கே புகழூர் ஆறுநாட்டார் மலையிலுள்ள தமிழி எழுத்துக் கல்வெட்டு இரும்பொறை மரபினர் மூன்று தலைமுறையினரைப் பெயர் சுட்டுகின்றது. அம்மலையிலேயே கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. அமராவதி ஆற்றுப்படுகையில் உரோமர் காசுகளோடு மாக்கோதை, குட்டுவன் கோதை முதலிய சேரர் பெயர் தாங்கிய காசுகளும் கிடைத்துள்ளன. கொடுங்கோளூர்ச் சேரமான் பறம்பில் 1945இல் தொடங்கிய அகழாய்வோ பிற்காலச் சேரர் காலத்திற்கு முற்பட்ட சான்றினைத் தரவில்லை.

எனினும் மறுதலைக் கொள்கையைப் புறந்தள்ளல் முறையன்று. வஞ்சிக்காண்டத்திற் செங்குட்டுவன் மலைவளங் காணச் சென்று தங்கியது பேரியாற்றங்கரையில். அவ்வியாறு மேல்கடலிற் கலப்பது. தாலமி குறிக்கும் 'கரூரா' நம் கருவூரே என்பாருக்கு, கொடுங்கோளூரை அடுத்தும் கரூப்படன்ன என்னும் ஊர் உளதென மறுமொழி கூறப்படுகின்றது. 2007இல் தொடங்கிய பட்டணம் அகழாய்வு, அப்பகுதியிற் சங்ககால வாணிக வாழ்வு செழித்திருந்ததை ஐயமற நிறுவிவிட்டது. அது வஞ்சியை நிறுவவில்லை என்பது மெய். ஆயினும், பெரியாற்றுக் கழிமுகத்தில் பழஞ்சான்று இல்லை என்று முன்னோர் கூறிய வாதம் அதனால் தளர்ந்தது. நாளை மற்றொரு குழி மற்றொரு வாதத்தைத் தளர்த்தவும் கூடும்.

மேலைநாட்டார் படங்களைத் திரையில் ஏற்றி முடிவு காணலாமே என்றனர் சிலர். பழைய படத்தை இக்காலப் படத்தின்மேற் பொருத்துவதற்கு, இரண்டிலும் ஐயமின்றி அறியப்பட்ட இடங்கள் சில வேண்டும். அவற்றை ஆணியாகக் கொண்டு ஏனைய பகுதிகளை இழுத்துப் பொருத்துவர். அளந்து வரைந்த படங்களுக்கு இம்முறை நன்கு ஏற்கும். தாலமியின் அளவுகளின்படி வரைந்தாலோ நம் நாட்டின் தெற்குநோக்கிய நீட்சியே மறைந்து, மேல்கடற்கரை கிழக்குநோக்கிப் படுத்துவிடுகின்றது. முசிறியையும் அகஸ்தஸ் கோயிலையும் காட்டும் பியூட்டிங்கர் படமோ வழிகளைக் காட்ட வரைந்த நீள்சுருள்; ஒரு முழத்திற்கும் குறைந்த அகலமும் ஏழு மீட்டரை நெருங்கும் நீளமும் உடையது. இவற்றை இழுத்துப் பொருத்தினால் நாம் விரும்பிய இடத்தில் வஞ்சி வந்து நிற்கும். விரும்பியதைப் பெறுதல் ஆராய்ச்சியாகாது. ஆதலின் அவற்றைத் தனிப்படங்களாகவே வைக்கச் சொன்னோம்.

புள்ளி என்பதே திரையில் ஒரு பொய்ம்மை. வேங்கடம் முதல் குமரி வரை ஏறத்தாழ 620 கிலோமீட்டர் நிலம் ஒரு மீட்டர் உயரமுள்ள திரையில் அடங்குமாயின், ஒரு செண்டிமீட்டர் ஆறு கிலோமீட்டருக்கு மேற்பட்டது. ஒரு விரல்நுனி தொடும் இடத்தில் பல ஊர்கள் அடங்கும். அத்துணைப் பருமையான கருவியிற் கூர்மையான புள்ளி காட்டுவது, நாம் அறிந்ததற்கு மேல் அறிந்ததாகக் காட்டுவதேயாம். நூலில் வினாக்குறியைக் கண்ட மாணவன் ஐயுறக் கற்றான். திரையில் ஒளிரும் புள்ளியைத் தொட்ட சிறுவன் எதனைக் கற்பான்?

பன்முறை உரையாடிய பின் உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. 'வஞ்சி' என்னும் பெயரைத் தொட்டால் இரண்டு இடங்களும் ஒருங்கே ஒளிரும். கருவூரைத் தொடுவார்க்குப் புகழூர்க் கல்வெட்டும் காசுகளும், திருவஞ்சைக்களத்தைத் தொடுவார்க்குப் பேரியாற்றுச் செய்தியும் அகழாய்வுச் செய்தியும் தோன்றும். ஒவ்வொரு சான்றின்மேலும் அது கிடைத்த ஆண்டு நிற்கும். உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், 'எங்கள் ஊரை நீங்களே ஐயுறலாமா?' என்று எம்மை நோக்கி வருந்தினார். புகழூர்க் கல்வெட்டின் படத்தை அவர்க்குக் காட்டி எழுத்துகளைப் படித்தோம். கருவூர் என்னும் சொல் வந்தபோது அவர் மகிழ்ந்தார். அக்கல்வெட்டில் வஞ்சி என்னும் சொல் எங்கே என்று வினவினார். அச்சொல் அதில் இல்லை என்றோம்.