இழுக்க மட்டுமே தெரிந்த கம்பி

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் விமானம் கிட்டிஹாக் மணல்வெளியில் எழுந்தபோது, ஓட்டியவர் கீழ்ச் சிறகின்மேல் குப்புறப் படுத்திருந்தார். இடுப்பைத் தாங்கிய தொட்டிலை இடமோ வலமோ நகர்த்தினால் கம்பிகள் இழுபட்டுச் சிறகு முனைகள் முறுகும்; வால் சுக்கானும் கூடவே திரும்பும்.

கம்பிக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே சுக்கானுக்கு இரண்டு கம்பி கட்டினார்கள், பக்கத்துக்கு ஒன்று. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்குப் பின்னாளில் உதவியது 1896இல் எர்னஸ்ட் போடன் காப்புரிமை பெற்ற உறைக் கேபிள். சைக்கிள் பிரேக்கில் இன்றும் இருக்கிறதே, அதேதான். ஒருபுறம் கேபிள் இழுத்தால் மறுபுறம் இழுக்க ஸ்பிரிங் வேண்டும். மோட்டார் சைக்கிளில் கேபிள் அறுந்தால் ஸ்பிரிங் எஞ்சினைத் தணித்துவிடும், வண்டி ஓரங்கட்டும். ஆகாயத்தில் ஓரம் ஏது? அதனால் வீட்டில் கட்டும் விமானங்களில் பரவலாக உள்ள ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் ஸ்பிரிங்கை மாற்றி வைத்தார்கள். கேபிள் அறுந்தால் கார்புரேட்டர் முழுதாகத் திறந்துகொள்ளும். ஓடுதளம் வரை பறந்து வந்து, எஞ்சினை அணைத்துவிட்டு மிதந்து இறங்கலாம். உயிர் காக்கும் யோசனை இது. அந்த எஞ்சினுக்குக் கார்புரேட்டர் இரண்டு. இரு கேபிளும் ஒரே அளவில் இழுக்காவிட்டால் எஞ்சின் அதிரும், கியர்பாக்ஸ் தேயும்.

சாமானியர் கையில் விமானத்தைக் கொடுத்தவர் பிரான்சின் ஆன்ரி மின்யே. 1934இல் வந்த அவருடைய புத்தகத்தைப் பார்த்து, பிரான்சிலும் இங்கிலாந்திலும் பலர் கொட்டகைகளில் 'வானத்துத் தெள்ளுப்பூச்சி' என்ற அவரது விமானத்தைக் கட்டினார்கள். அதில் சுக்கானுக்கான மிதிகட்டைகள் கிடையாது. கைப்பிடியைப் பின்னே இழுத்தால் முன்சிறகு முழுவதுமே சாயும். அதை ஓட்டிய சிலர் விபத்துகளில் இறந்த பிறகு, 1936இல் காற்றுச் சுரங்கச் சோதனை காரணத்தைக் காட்டியது: மூக்கு தாழ்ந்து கீழ்நோக்கிப் பாயும் நிலையில், கைப்பிடியை முழுதாக இழுத்தாலும் மூக்கு எழவில்லை. கோளாறு கேபிளில் அல்ல, இரு சிறகுகளின் அமைப்பில் இருந்தது.

கேபிளைக் கோத்த கையே தவறினால் என்ன ஆகும்? 1947 ஆகஸ்ட் 23 அன்று இங்கிலாந்தின் வுட்ஃபோர்டில் ஏவ்ரோ டியூடர் விமானம் எழுந்தவுடனே விழுந்தது. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் சிறகு மடல்களான ஏலெரான்களின் கேபிள்களை இடம் மாற்றி இணைத்திருந்தார்கள். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக் அதில் இறந்தார்.

இப்போது விமானம் கட்டுபவர் டர்ன்பக்கிள் என்ற இறுக்குதிருகைத் திருகிக் கேபிளை இறுக்கியதும், அந்தத் திருகின் உடலுக்கு வெளியே 3 மரைக்கு மேல் தெரியக்கூடாது என்று பார்க்கிறார். பிறகு அது தானாகக் கழன்றுவிடாதபடி மெல்லிய கம்பியால் பூட்டுகிறார். குளிரில் விமானத்தின் அலுமினிய உடல் எஃகு கேபிளைவிட அதிகம் சுருங்கும், கேபிள் தொய்யும். அதையும் கணக்கில் வைத்தே இறுக்குகிறார். கடைசியில் கைப்பிடியை இடப்பக்கம் சாய்த்து, இடச்சிறகின் ஏலெரான் மேலே எழுகிறதா என்று கண்ணால் பார்க்கிறார். பிரிட்டனில் இதே வேலையை இரண்டாவது ஆள் ஒருவரும் தனியே சோதித்துக் கையெழுத்திட வேண்டும்.