அல்லிக்கேணியும் அலைகடலும்

மலையடிவாரத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சென்னைத் திருவல்லிக்கேணிக்குச் சென்று ஸேவிக்கும் நம்மவர், பாசுரங்களை அநுஸந்தித்தவாறே கடலைத் தேடுவர். அலைகள் ஒதுக்கும் பவளமும் முத்துமே இவ்வூருக்கு அந்தி விளக்கு என்றார் பேயாழ்வார். நெடிய ஓதம் வந்து மோதும் தலம் என்றார் திருமழிசைப்பிரான். இன்றோ கோயிலுக்கும் அலைக்கும் இடையே தெருக்களும் பெருஞ்சாலையும் அகன்ற மணற்பரப்பும் கிடக்கின்றன.

ஆழ்வார்கள் கூறியது வெறும் கவிமரபோ எனில், அன்று. 1870களில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கியபின், கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் மணல் தடைப்பட்டுத் தென்பால் தேங்கியது. கரை கிழக்கே வளர்ந்தது. ஆழ்வார்கள் காலத்து அலை ஊருக்கு இன்னும் அணித்தாயிருந்தது என்று கொள்வதே பொருந்தும்.

பாசுரம் கடலைப் பேச, ஊர்ப்பெயரோ நன்னீரைப் பேசுகிறது. அல்லி மலரும் கேணி அல்லிக்கேணி. கைரவம் என்பதும் அல்லியே ஆதலின், கைரவிணி என்னும் புஷ்கரிணியின் பெயரும் அப்பொருளதே. உவர்க்கடலின் அருகே மணலடியில் இனிய நீர் ஊறியதாலன்றோ இங்குக் குடியிருப்பு நிலைத்தது!

அக்குடியிருப்பின் தொன்மைக்குக் கோயிலிலுள்ள பல்லவன் தந்திவர்மனின் 12-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டே சான்று. அடகில் சிக்கிய கோயில் நிலத்தை மீட்டு, குறைந்துபோன அமுதுபடியை மீண்டும் நடத்திய செய்தியை அது கூறுகிறது. 1676-இல் ஊர் கோல்கொண்டா ஸுல்தானிடமிருந்து கும்பெனியார் வசமாயிற்று. 1768-இல் ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் மாளிகையும், 1795-இல் பெரிய பள்ளிவாசலும் எழுந்தன. 1904-இல் இவ்வூரார் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலை நாடெங்கும் பெயர்பெற்றது. மாடவீதிகளும் பள்ளிவாசல் தெருக்களும் ஒரே ஊராய் வாழ்வது இத்தலத்தின் இயல்பாயிற்று.

இவ்வளவு மாறியும் மாறாதது ஊரின் பெயர். ஆயினும் அப்பெயரின் பொருள் நிலத்தடி நீரைப் பற்றி நிற்பது. கடலோர நிலத்தில் நன்னீரை அளவின்றி இறைப்பின், மேலே விலகிய கடல் கீழே உவராய்ப் புகும். 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு இல்லந்தோறும் கட்டாயமாக்கப்பட்டது இதன்பொருட்டே. அன்று நிலத்தை மீட்டு அமுதுபடியைக் காத்தது கைங்கர்யமாயின், இன்று வீட்டுக்கூரை நீரை மண்ணுக்குள் செலுத்திக் கேணியைக் காப்பதும் கைங்கர்யமே என்பது அடியேன் துணிபு.