ஒரு சொட்டு இரத்தம் சொல்லும் சாட்சி: கொழுப்பமில ஆய்வின் வரலாறு



ஜெலுத்தோங் சந்தைப் பக்கம் பசியாறிக்கொண்டிருப்பவரிடம் கேட்டுப் பாருங்க: "போன மாசம் என்னென்ன எண்ணெயில் செய்த பலகாரம் சாப்பிட்டீங்க?" வடை, ரொட்டி சானாய் என்று சில பெயர்கள் வரும். எண்ணெய் எது என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். ஆனால் அவருடைய இரத்தத்தில் விடை இருக்கிறது. சிவப்பணுக்களின் சவ்வில் உள்ள கொழுப்பமிலங்கள் கடந்த சில வாரங்களின் உணவைக் காட்டிவிடும். அதைப் படிக்க மனிதன் எப்படிக் கற்றுக்கொண்டான் என்பதுதான் இந்தக் கட்டுரை.

தொடக்கம்

பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1823-இல் விலங்குக் கொழுப்புகளைப் பற்றித் தம் நூலை வெளியிட்டார். கொழுப்பைப் பிரித்தால் கிளிசரினும் கொழுப்பமிலங்களும் கிடைக்கும் என்று காட்டியவர் அவர். ஆனால் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான கொழுப்பமிலங்களைத் தனித்தனியாகப் பிரிப்பது பெரும்பாடு. நிறையக் கொழுப்பு வேண்டும், நிறைய நாளும் வேண்டும். சில துளி இரத்தத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பத்தாண்டு காத்திருந்த யோசனை

இங்கிலாந்தில் ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிஞ்சும் 1941-இல் எழுதிய கட்டுரையில் ஒரு யோசனை இருந்தது: கலவையைப் பிரிக்க, ஓடும் திரவத்துக்குப் பதில் வாயுவைப் பயன்படுத்தலாம். பத்தாண்டுகள் யாரும் அதைச் செய்து பார்க்கவில்லை. கடைசியில் மார்ட்டினே ஏ. டி. ஜேம்ஸுடன் சேர்ந்து லண்டனில் செய்து முடித்தார். 1952-இல் வெளிவந்த அந்த ஆய்வில் முதலில் பிரிக்கப்பட்டவை எவை தெரியுமா? கொழுப்பமிலங்கள்தான். அதே ஆண்டு மார்ட்டினுக்கும் சிஞ்சுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அது அவர்களுடைய முந்தைய நிறப்பிரிகை முறைக்காக.

வாயு நிறப்பிரிகையை வகுப்பில் இப்படி விளக்கலாம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் சந்தைக்குள் நுழைகிறார்கள். எங்கும் நிற்காதவர் முதலில் வெளியே வருவார். கடைக்குக் கடை நின்று விலை கேட்பவர் கடைசியில் வருவார். நீண்ட குழாய்க்குள் வாயு தள்ளிக்கொண்டு போகும் மூலக்கூறுகளும் அப்படித்தான். குழாயின் உட்பூச்சில் அதிகம் ஒட்டுவது தாமதமாக வரும். வெளியே வரும் நேரத்தை வைத்து ஆளை அடையாளம் காணலாம். நீளமான கொழுப்பமிலங்கள் எளிதில் ஆவியாகா. அதனால் முதலில் அவற்றை மெத்தில் எஸ்டராக மாற்றுகிறார்கள். ஐந்தாம் படிவத்தில் படிக்கிற அதே எஸ்டராக்கம்!

நாட்கள் நிமிடங்களான கதை

கருவி வந்த பிறகும் வேலை மெதுவாகத்தான் நடந்தது. 1957-இல் வந்த ஃபோல்ச் முறைப்படி குளோரோஃபார்ம், மெத்தனால் கலவையால் கொழுப்பைப் பிரித்தெடுக்க வேண்டும், கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும், பிறகுதான் எஸ்டராக்கம். 1986-இல் லெப்பாஜ், ராய் என்ற இருவர் இதைச் சுருக்கினார்கள். பிரித்தெடுப்பதையும் எஸ்டராக்கத்தையும் ஒரே குழாயில், ஒரே வினையில், 100 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரத்தில் முடித்தார்கள். 2004-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தமே போதும் என்று காட்டினார்கள். குட்டையான, மிக மெல்லிய குழாய்களில் இன்று பிரிப்பு வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

வேகத்தால் என்ன லாபம்? பத்துப் பேரைச் சோதித்த இடத்தில் ஆயிரம் பேரைச் சோதிக்கலாம். ஒரு நாட்டின் உணவையே விசாரிக்கலாம்.

இரத்தம் சொன்ன சாட்சி

டிரான்ஸ் கொழுப்பமிலங்களை நம் உடல் உருவாக்குவதில்லை. இரத்தத்தில் இருந்தால் அது உணவிலிருந்து வந்ததுதான். பாதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய் அதற்கு முக்கிய வழி. இது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கும் என்று மென்சிங்க், காட்டான் இருவரும் 1990-இல் காட்டினார்கள். அமெரிக்காவில் 2006 முதல் உணவுப் பொட்டலத்தில் இதன் அளவை எழுதுவது கட்டாயமானது. சட்டம் பலித்ததா? 2000-இலும் 2009-இலும் எடுத்த இரத்த மாதிரிகளை ஒப்பிட்டார்கள். வெள்ளையின வயதுவந்தோரிடம் டிரான்ஸ் கொழுப்பமில அளவு 58 விழுக்காடு குறைந்திருந்தது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. டிரான்ஸ் கொழுப்பையும் அதற்கு மாற்றாக வந்த இன்னொரு செயற்கைக் கொழுப்பையும் செம்பனை எண்ணெயோடு ஒப்பிட்டு, கல்யாண சுந்தரம், திலகவதி கருப்பையா, ஹேய்ஸ் மூவரும் 2007-இல் ஆய்வு வெளியிட்டார்கள். 30 தன்னார்வலர்கள், ஒவ்வோர் உணவுக்கும் 4 வாரம். முதல் இரண்டும் கெட்ட, நல்ல கொலஸ்ட்ரால் விகிதத்தை மோசமாக்கின. இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கணும்: சுந்தரம் அப்போது மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தில் இருந்தவர். அதனால் முடிவு தவறாகிவிடாது. ஆனால் 'யார் செய்தது, எத்தனை பேரிடம் செய்தது' என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமை. அமெரிக்க ஆய்வுக்கும் அதே கேள்விதான். செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதையும் மறக்க வேண்டாம்.

வகுப்பில் கேட்க

1. 1941-இல் எழுதிய யோசனை 1952 வரை ஏன் காத்திருந்திருக்கும்?
2. கொழுப்பமிலத்தை எஸ்டராக மாற்றுவது ஏன்?
3. உணவைப் பற்றி வாய்மொழி, பொட்டலத்தில் உள்ள விவரம், இரத்தம் ஆகிய மூன்று சாட்சிகளில் எதை எதற்கு நம்பலாம்? காரணம் கூறுக.

மூன்றாம் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. மாணவர்கள் வாதாடட்டும், பிறகு வீட்டு அடுப்படியில் இருக்கும் பொட்டலத்தை எடுத்துப் படித்து வரச் சொல்லுங்கள்.