ஏட்டிலிருந்து அச்சுக்கு: வீட்டில் உருவான முன்பெருக்கியின் வரலாறு

இசைத்தட்டில் பதிந்துள்ள பாட்டை அறை நிறைய ஒலிக்கச் செய்யும் கருவிகளுள் ஒலிபெருக்கியை எல்லாரும் அறிவர். அதனை இயக்கும் ஆம்ப்ளிபையரையும் பலர் அறிவர். இவ்விரண்டுக்கும் முன்னே நின்று பணிபுரியும் 'பிரி-ஆம்ப்ளிபையர்' என்னும் முன்பெருக்கியை அறிந்தோர் சிலரே. ஆயினும், பாட்டின் தூய்மை நிலைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் இச்சிறு பெட்டிக்குள்ளேதான். 'ஹை-பை' எனப்படும் உயர்தர ஒலியை நாடி, இப்பெட்டியைக் கடையில் வாங்காமல் தம் கையாலேயே செய்துகொள்ளும் அன்பர்கள் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக மேலைநாடுகளில் இருந்து வருகின்றனர். அவர்தம் கம்பியும் ஈயமும் எவ்வாறு அச்சிட்ட மின்சுற்றுப் பலகைக்கு இடம் கொடுத்தன, அதனால் பெற்றது யாது, இழந்தது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்பெருக்கியின் இரு கடமைகள்

இசைத்தட்டின் மீது ஓடும் ஊசிமுனை அசையும்போது உண்டாகும் மின்சாரம் மிகச் சிறிது. காந்தவகை ஊசித்தலையில் அது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். அதாவது ஒரு வோல்ட்டை இருநூறு கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறு. இதனைப் பல நூறு மடங்கு பெருக்கித் தருவது முன்பெருக்கியின் முதற்கடமை.

இரண்டாவது கடமை நுட்பமானது. இசைத்தட்டை வெட்டுவோர் பாட்டை உள்ளவாறே பதிப்பதில்லை. தாழ்ந்த சுரங்களை உள்ளபடி வெட்டினால் ஊசியின் ஆட்டம் அகன்று பக்கத்துத் தடத்தில் புகுந்துவிடும். ஆகவே அவற்றைக் குறைத்து வெட்டுவர். உச்சச் சுரங்களையோ கூட்டி வெட்டுவர். மீட்கும்போது அவற்றைக் குறைத்தால் தட்டின் உராய்வொலியும் உடன் குறையும். குறைத்ததைக் கூட்டியும் கூட்டியதைக் குறைத்தும் பாட்டை நேர்செய்வது முன்பெருக்கியே. 1948-இல் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டு வந்த பின்னும் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஓர் அளவை வைத்திருந்தது. 1954-இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிற்சங்கமாகிய ஆர்.ஐ.ஏ.ஏ. ஒரே அளவை வகுத்தபின்னரே இக்குழப்பம் ஓய்ந்தது.

இவ்வளவையில்தான் செய்வோனுக்குச் சோதனை. 1,000 சைக்கிள் ஒலியோடு ஒப்பிட்டால் 50 சைக்கிள் ஒலியை முன்பெருக்கி ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுதியாகப் பெருக்க வேண்டும். பிரிட்டனில் வீட்டு மின்சாரமும் 50 சைக்கிளே. எனவே பக்கத்துக் கம்பியிலிருந்து இம்மி அளவு மின்சாரம் கசிந்து நுழைந்தாலும் அதுவும் பாட்டோடு சேர்ந்து பெருகி, வண்டின் ரீங்காரம்போல் ஓயாது இரையும்.

பத்திரிகை திறந்த வழி

வீட்டில் ஹை-பை செய்யும் வழக்கத்திற்குப் பெரும் ஊக்கம் தந்தது லண்டனிலிருந்து வெளிவந்த 'வயர்லெஸ் வேர்ல்டு' என்னும் இதழ். 1947-ஆம் ஆண்டு ஏப்ரல், மே இதழ்களில் டி.டி.என். வில்லியம்சன் என்னும் இளம் பொறியாளர் 15 வாட் ஆற்றலுள்ள ஆம்ப்ளிபையர் ஒன்றின் சுற்றை வெளியிட்டார். ஒலித்திரிபு ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அக்காலத்தில் அது வியப்புக்குரியது. 1949-இல் அதனோடு இணைதற்குரிய முன்பெருக்கியையும் அவரே அவ்விதழில் விளக்கினார். 1952 அக்டோபரில் பீட்டர் பாக்சண்டால் தாழ்சுரத்தையும் உச்சசுரத்தையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உதவும் எளிய சுற்றொன்றை அதே இதழில் வெளியிட்டார். பின்னாளில் செய்யப்பட்ட எண்ணற்ற முன்பெருக்கிகள் அச்சுற்றையே தழுவின.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. இவர்கள் சுற்றை மட்டும் தந்தாரில்லர். இன்ன பாகம் இன்ன அளவில் ஏன் அமைந்தது என்னும் காரணத்தையும் உடன் தந்தனர். மூலமும் உரையும் ஒருங்கே கிடைத்தமையால், படித்தவன் செய்பவனும் ஆனான்.

கம்பியில் விளைந்த பாடபேதம்

ஆயினும், படத்தைப் பார்த்துக் கம்பி இணைத்தவர் அனைவரும் ஒரே பயனைப் பெற்றாரல்லர். ஒருவர் கம்பியை நீளமாக விட்டார். மற்றொருவர் டிரான்ஸ்பார்மரை உள்ளீட்டின் அருகே வைத்தார். வேறொருவர் சொன்ன டிரான்ஸ்பார்மர் கிடைக்காமல் கிடைத்ததைப் பூட்டினார். வில்லியம்சன் சுற்றில் வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் மாறினால் கருவி நிலைகுலைந்து தானே ஊளையிடுவதும் உண்டு. முன்பெருக்கியிலோ, இணைப்பில் ஓர் அங்குலம் இடம் மாறினாலும் இரைச்சல் கூடலாம். சுற்றுப்படம் எதனோடு எது இணையும் என்பதைச் சொல்லுமேயன்றி, எது எங்கே இருக்கவேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

தமிழாசிரியர்க்கு இந்நிலை புதிதன்று. ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்தோர் கைக்குக் கை வேறுபட்டமையால் பாடபேதங்கள் மலிந்தன. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடத்தைத் துணிய வேண்டியிருந்தது. கையால் கம்பியிட்ட ஒவ்வொரு முன்பெருக்கியும் அத்தகைய ஓர் ஏட்டுப்படியே. மூலம் ஒன்று, படிகள் பல, பிழைகளோ படிதோறும் வேறு.

அச்சுத்தொழில் பழகிய பொறியாளர்

இதற்கு மாற்று, வியக்கத்தக்க வகையில், அச்சுத்தொழிலிலிருந்தே வந்தது. பால் ஐஸ்லர் 1907-இல் வியன்னாவில் பிறந்த யூதர். பொறியியற் பட்டம் பெற்றவர். யூத வெறுப்பு மிகுந்திருந்த அந்நகரில் தகுதிக்கேற்ற வேலை கிடைப்பது அரிதாயிற்று. இடையே அச்சுத்தொழிலிலும் அவர் பழகினார். 1936-இல் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார். கம்பிகளை ஒவ்வொன்றாகக் கையால் இணைப்பதற்கு மாறாக, எழுத்தை அச்சிடுவதுபோல் மின்வழியையே அச்சிட்டால் என்ன என்பது அவர் எண்ணம். லண்டன் விடுதி அறையில் அவ்வாறே ஒரு வானொலிப்பெட்டியும் செய்தார். அதை எடுத்துக் காட்டியபோது ஒரு நிறுவனம் ஏற்க மறுத்தது. கம்பி இணைக்கும் பெண்களின் உழைப்பே மலிவு என்று கூறிவிட்டதாம். போர் மூண்டதும் பகைநாட்டார் என்று சிறைக்காவலில் வைக்கப்பட்டு, பின்னர் விடுதலையானார். லண்டனில் இருந்த ஹெண்டர்சன் அண்டு ஸ்பால்டிங் என்னும் அச்சுக்கூடமே அவர் முயற்சிக்கு இடந்தந்தது. 1943-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

முறை எளிது. மின்சாரம் பாயாத பலகைமேல் மெல்லிய செம்புத்தகட்டை ஒட்டுவர். மின்வழி அமையவேண்டிய உருவில் அதன்மேல் மையை அச்சிடுவர். பின் செம்பைத் தின்னும் திராவகத்தில் தோய்ப்பர். மை பட்ட செம்பு தங்கும், படாதது கரையும். 1949-இல் அமெரிக்கத் தரைப்படையின் தகவல்தொடர்புப் பிரிவைச் சேர்ந்த டாங்கோ, ஆப்ரம்சன் என்னும் இருவர் பாகங்களின் கால்களைப் பலகையின் துளைகளில் செருகி, உருகிய ஈயத்தில் ஒருமுறை தோய்த்து எல்லாவற்றையும் ஒருசேரப் பற்றவைக்கும் முறையைக் கண்டனர். தொழிற்சாலைகள் பலகையை விரைந்து தழுவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலகை வீட்டுக்கு வந்த கதை

அமெரிக்காவில் போருக்குப்பின் ஹீத் கம்பெனி, பாகங்களையும் வழிகாட்டி நூலையும் ஒரே பெட்டியில் அடைத்து, 'ஹீத்கிட்' என்று விற்றது. ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அடையாளமிட வசதியாக, படிப்படியாக எழுதப்பட்ட அந்நூல் ஓர் ஆசிரியர் அருகிருந்து சொல்வது போன்றது. ஆனால் கம்பி வேலை வாங்கினவர் கையிலேயே இருந்தது.

1955-இல் பிலடெல்பியாவில் டைனாகோ கம்பெனியைத் தொடங்கிய டேவிட் ஹாப்ளர் அடுத்த அடியை எடுத்து வைத்தார். சுற்றின் நுட்பமான பகுதியை அச்சுப்பலகையில் அமைத்து, பாகங்களையும் பற்றவைத்து அனுப்பினார். டிரான்ஸ்பார்மர், சுவிட்ச், வால்யூம் கண்ட்ரோல் முதலியவற்றைப் பூட்டி இணைப்பது மட்டுமே வாங்கினவர் வேலை. 1960-ஐ ஒட்டி வந்த 'பி.ஏ.எஸ்.' வகை ஸ்டீரியோ முன்பெருக்கி இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நான்கு வால்வுகள் பொருந்திய இரண்டு பலகைகளுள் ஒன்று இசைத்தட்டுக்கு; மற்றொன்று சுரக் கட்டுப்பாட்டிற்கு. எந்தப் பாகம் எங்கே இருக்கவேண்டும் என்பதை வடிவமைத்தவரே பலகையில் முடிவு செய்துவிட்டமையால், அறிஞர் செய்ததும் புதியவர் செய்ததும் ஏறக்குறைய ஒரே தரமாயின. பாடபேதம் அருகிற்று.

பின்னர் டிரான்சிஸ்டரும் ஐ.சி.யும் வால்வின் இடத்தைப் பற்றின. 1976-லும் 1983-லும் டக்ளஸ் செல்ப் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளியிட்ட முன்பெருக்கிகள் பெயர்பெற்றவை. ஹாலந்தில் தோன்றிய 'எலெக்டர்' இதழோ சுற்றின் விளக்கத்தோடு பலகையின் உருவையும் அச்சிட்டு, பலகையையும் விற்றது. இன்று வரைபடத்தைக் கணினி வழியே அனுப்பினால் பலகையைச் செய்து தபாலில் அனுப்பும் தொழிற்சாலைகள் பல.

பலகையில் இல்லாதவை

இதனால் கைத்திறன் அழிந்தது என்றும், செய்பவன் வெறும் பூட்டுபவன் ஆனான் என்றும் வருந்துவோர் உண்டு. அவ்வருத்தத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. எனினும், பலகையின் விளிம்போடு வேலை முடிவதில்லை என்பதைச் செய்தவர் அறிவர்.

டிரான்ஸ்பார்மரை எவ்வளவு தொலைவில், எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதைப் பலகை சொல்லாது. உள்ளீட்டுக் கம்பிக்கு வலையுறை வேண்டும்; பெட்டி உலோகமாதல் நன்று. எர்த் கம்பிகளைக் கண்ட கண்ட இடத்தில் கட்டினால் அவை வளையமாகி இரைச்சலைப் பிடிக்கும். ஓரிடத்தில் கூட்டினால் அமைதி பிறக்கும். எலக்ட்ரோலிடிக் கன்டென்சரைத் திசைமாற்றிச் செருகினால் அது சூடேறி வெடிக்கவும் கூடும். பலகையில் மின்சாரம் ஏற்றுமுன் மின்வழங்கும் பகுதியைத் தனியே அளந்து பார்த்தல் வேண்டும். வால்வு வகையில் 200, 300 வோல்ட் ஓடுவதாலும், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கன்டென்சரில் அது தங்குவதாலும், அலட்சியம் உயிருக்கே கேடாகும்.

இவை அனைத்தும் காரணம் அறிந்தவன் கைக்கே வசப்படுவன. இரைச்சல் எழும்போது, எங்கிருந்து எழுகிறது என்று தேடுவதற்குப் பலகை உதவாது. சுற்றின் பொருளை உணர்ந்த அறிவே உதவும்.

அச்சு வந்ததனால் தமிழ் நூல்கள் எல்லார் கைக்கும் கிட்டின. ஆனால் நூல் கையிலிருப்பதனாலேயே ஒருவன் புலவனாகிவிடுவதில்லை. அச்சுப்பலகையும் அத்தகையதே. படியெடுக்கும் சுமையை அது நீக்கிற்று. பொருளுணரும் கடமையை நீக்கவில்லை. வில்லியம்சனும் பாக்சண்டாலும் மூலத்தோடு உரையையும் சேர்த்துத் தந்தமையாலேயே அவர்கள் சுற்றுகள் இன்றும் ஆராயப்படுகின்றன. உரையின்றிப் பலகையை மட்டும் விற்பவன் பாட்டைத் தருகிறான். உரையோடு தருபவனோ அடுத்த பாட்டைப் பாடும் ஆற்றலையும் தருகிறான். வகுப்பறையில் நூலைக் கையில் கொடுப்பதோடு நில்லாமல் பொருளையும் விளக்கும் ஆசிரியர்க்கு இவ்வேறுபாட்டை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.