மீதி எங்கே போகிறது? அங்குலம், நூல், மில்லிமீட்டர்

(சற்று நீண்ட பதிவு. அளவைச் சொற்களின் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு.)

திருப்பதியில் நண்பர் ஒருவர் வீட்டிலேயே சி.என்.சி. ரூட்டர் ஒன்றைக் கட்டிவருகிறார். கணினி சொல்லும் கோட்டில் மரத்தைக் குடைந்து செல்லும் இயந்திரம் அது. அவர் கையிலிருந்த வரைபடம் அமெரிக்காவில் வரைந்தது. அளவுகள் எல்லாம் அங்குலத்தில் இருந்தன. அவர் ஒவ்வோர் எண்ணையும் 25.4 ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் புதிய தாள் ஒன்று தயாரித்துத் தச்சுப் பட்டறைக்கு எடுத்துச் சென்றார். தச்சர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "இது ஆறு நூல் பலகைக்குப் போட்ட கணக்கு சார். நீங்க வாங்கினது பதினெட்டு எம்.எம். காடி லூசாயிடும்."

ஆறு நூல் என்பது முக்கால் அங்குலம். துல்லியமாகச் சொன்னால் 19.05 மி.மீ. அந்த அளவில் வெட்டிய காடியில் 18 மி.மீ. பலகையைச் செருகினால் 1.05 மி.மீ. இடைவெளி விழும். நண்பரின் பெருக்கலில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் இயந்திரம் ஆடும். பெருக்கல் சரியாக இருந்தும் பொருள் ஏன் பொருந்தாமல் போகிறது என்ற கேள்விக்கு இந்த நிலப்பகுதியின் அளவை வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

முதலில் 'அங்குலம்' என்ற சொல். சிற்ப நூல்களில் 8 யவம் ஓர் அங்குலம். 24 அங்குலம் ஒரு முழம். தமிழில் இதுவே விரல், சாண், முழம் என்ற வரிசை: 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். விரலின் அகலமே அங்குலம் என்பதால் அது ஆங்கிலேய 'இஞ்ச்' அளவைவிடச் சிறியது. ஏறத்தாழ அதில் முக்கால் பங்கு. காலனிய காலத்தில் இஞ்சுக்குத் தமிழ்ச் சொல் தேவைப்பட்டபோது 'அங்குலம்' அந்த இடத்தில் அமர்ந்தது. சொல் அப்படியே நிற்க, அது சுட்டிய நீளம் மாறிவிட்டது. இம்மண்ணில் நடந்த இந்த அளவை மாற்றத்தைப் பெரும்பாலோர் மாற்றமாகவே உணர்வதில்லை.

சிற்பிகளுக்கு இன்னோர் அங்குலமும் உண்டு. படிமத்தின் மொத்த உயரத்தையே குறிப்பிட்ட எண்ணிக்கையில் பகுத்து, ஒரு பகுதியை அங்குலம் என்று கொள்வார்கள். உத்தம தசதாலத்தில் அந்த எண் 124. படிமம் ஒரு சாண் உயரமானாலும் ஓர் ஆள் உயரமானாலும் பகுதிகள் 124 தான். திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் மரபுச் சிற்பக் கலை நிறுவனத்தில் பயிலும் மாணவருக்கு இது பாலபாடம். இந்த அங்குலத்தை மீட்டருக்கு மாற்ற வேண்டிய தேவையே எழாது. ஏனெனில் அது நீளத்தைச் சொல்லவில்லை, உறுப்புகளுக்கிடையிலான உறவைச் சொல்கிறது.

நிலத்தையும் நெல்லையும் அளக்க உறவு மட்டும் போதாது. எல்லோரும் ஏற்கும் ஒரு பொருள் வேண்டும். சோழர் கல்வெட்டுகளில் வரும் 'பதினாறு சாண் கோல்', 'உலகளந்த கோல்', தஞ்சைப் பெரிய கோயிலின் 'ஆடவல்லான்' மரக்கால் ஆகியவை அத்தகையவை. சில கோயில்களில் கோலின் நீளத்தைச் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். குடிமல்லம் முதல் திருமலை வரை தமிழ்க் கல்வெட்டுகள் செறிந்த இந்தத் தொண்டை மண்டலப் பகுதியும் அந்த மரபுக்கு உட்பட்டதுதான். எந்தக் கோலால் அளந்தோம், எந்த மரக்காலால் அளந்தோம் என்பதைக் குறிப்பிடுவது வெறும் அலங்காரம் அன்று. ஊருக்கு ஊர் அளவு வேறுபட்ட காலத்தில், பின்னால் வழக்கு எழாமல் இருக்க அது தேவைப்பட்டது.

இனி நம் காலத்துக்கு அருகில் வருவோம். 1911 இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1 இல் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 இல் ஆந்திரப் பிரதேசம் பிறந்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் எடை, அளவைத் தரச் சட்டத்தை நிறைவேற்றியது. 1957 ஏப்ரல் 1 இல் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரில் தொடங்கி மெட்ரிக் எடைகள் படிப்படியாகக் கடைகளுக்கு வந்தன. 1960 ஏப்ரல் 1 இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஏழே ஆண்டுகளில் மாநிலத்தின் பெயர், நாணயம், எடைக்கல், மாவட்டத்தின் எல்லை எனக் கணக்கின் அடிப்படைகள் எல்லாம் இங்கு மாறிவிட்டன.

நாணய மாற்றத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு ரூபாய்க்கு 16 அணா. எனவே ஓர் அணா 6.25 நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லை. ஆகவே அட்டவணை இப்படி அமைந்தது: ஓர் அணாவுக்கு 6, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 19, நான்குக்கு 25. ஓரணாப் பொருளை நான்கு தடவை தனித்தனியாக வாங்கியவர் 24 பைசா கொடுத்தார். ஒரே தடவையில் நான்கு வாங்கியவர் 25 கொடுத்தார். மூன்றணாப் பொருளை நான்கு தடவை வாங்கியவருக்கோ 75க்குப் பதில் 76 ஆயிற்று. அட்டவணையில் தவறில்லை. மீதி எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? சில்லறையாக வாங்குபவரும் விற்பவரும் அதைத் தங்களுக்குள் சுமந்தார்கள்.

நண்பரின் வரைபடத்திலும் இதே கணக்குதான். இரண்டு பக்கப் பலகைகள் 19.05 இலிருந்து 18 ஆகின்றன. வெளி அகலத்தை அப்படியே வைத்தால் உள் அகலம் 2.1 மி.மீ. கூடிவிடும், இடையில் ஓட வேண்டிய பகுதி பொருந்தாது. எந்த அளவு மாறக்கூடாது, எது மாறலாம் என்பதை யாராவது தீர்மானித்தாக வேண்டும். அதைப் பெருக்கல் தீர்மானிக்காது.

அளவைகள் தூய்மையாகப் பிரிந்து நிற்பதும் இல்லை. அந்த அமெரிக்க வரைபடம் கேட்கும் 608 பேரிங்கின் உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ.; அது பிறவியிலேயே மெட்ரிக். அதற்குள் 5/16 அங்குல போல்ட்டை, அதாவது 7.94 மி.மீ. தண்டைச் செருகச் சொல்கிறார்கள். மறுபுறம், இங்கே மெட்ரிக் என்று நம்பி வாங்கும் நெமா 23 மோட்டாரின் பெயரிலுள்ள 23 என்பது 2.3 அங்குலத்தைக் குறிக்கும்; அதன் தண்டு பெரும்பாலும் 6.35 மி.மீ., அதாவது கால் அங்குலம், நம் தச்சர் மொழியில் இரண்டு நூல். அங்குலமே 25.4 மி.மீ. என்று துல்லியமாக வரையறுக்கப்பட்டது 1959 இல்தான். அதற்கு முன் அமெரிக்க அங்குலம் அதைவிட ஒரு மயிரிழை பெரிது. பிரிட்டிஷ் அங்குலம் ஒரு மயிரிழை சிறிது. இன்று அங்குலத்துக்கென்று தனியே ஒரு கோல் கிடையாது. அது மீட்டரின் ஒரு பெயர் மட்டுமே.

சட்டம் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் கடைகளின் மொழி கலப்பாகவே இருக்கிறது. பிளைவுட் பலகையின் நீள அகலத்தை 'எட்டுக்கு நாலு' என்று அடியில் சொல்கிறோம். தடிமனை மில்லிமீட்டரில் சொல்கிறோம். பைப் அங்குலத்தில் வருகிறது. திருப்பதியில் வீட்டுமனை இன்றும் அங்கணக் கணக்கில் விலைபோகிறது. தெலுங்கில் 'அங்கணமு' தூண்களுக்கோ உத்தரங்களுக்கோ இடைப்பட்ட வெளி. தமிழில் 'அங்கணம்' முற்றம், சாக்கடை. வீட்டின் ஓர் உறுப்பு ஒரு மொழியில் பரப்பளவாகவும் மற்றொன்றில் இடப்பெயராகவும் நிலைத்திருக்கிறது.

'நூல்' என்ற சொல்லும் அத்தகையதே. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நூல். இந்தியில் அதே அளவு 'சூத்', அதற்கும் நூல் என்றே பொருள். 8 யவம் ஓர் அங்குலம் என்று எட்டால் பகுத்துப் பழகிய கைகளுக்கு, எட்டால் பகுத்த இஞ்ச் அந்நியமாகத் தோன்றியிருக்காது என்பது என் ஊகம். பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று அளவுகோல் இல்லாமலே கயிற்றை மடித்துப் பெறக்கூடிய பகுப்பு அது. பத்தால் பகுப்பதை மடித்துப் பெற முடியாது.

பாலிடெக்னிக் மாணவர் வகுப்பில் மில்லிமீட்டரில் வரைகிறார். பட்டறையில் நூலைக் கேட்கிறார். முதலாவது படிப்பு, இரண்டாவது படிப்பறியாதவர் பேச்சு என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. ஆனால் இங்கே பலகையின் தடிமனும் காடியின் அகலமும் பொருந்தாது என்பதைத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் கண்டவர் நூலில் சிந்தித்தவர்தான். எண்ணுக்குப் பின்னாலுள்ள பொருளை அவர் பார்த்தார். வட்டாரத் தொழிற்சொற்களைக் 'கொச்சை' என்று ஒதுக்கும்போது நாம் இழப்பது அந்தப் பார்வையை.

நண்பர் பிறகு வரைபடத்தை மாற்றி எழுதினார். உள் அகலம் மாறாதது. தடிமன், வாங்கிய பலகையில் அளந்தது. 18 என்று அச்சிட்ட பலகை உண்மையில் 17.6 இருந்தது. கால் அங்குல போல்ட்டுக்குப் பதில் எம்6. அரை அங்குலம் முன்னேறும் திருகுக்குப் பதில் ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. முன்னேறும் பால் ஸ்க்ரூ. ஒரு சுற்றுக்கு 1,600 படிகள் எடுக்கும் மோட்டாருக்கு முன்னது மில்லிமீட்டருக்கு 125.984 படிகள், பின்னது சரியாக 320. இந்த இடத்தில் மட்டும் மீதியே இல்லை. மற்ற இடங்களில் மீதியை எங்கே வைப்பது என்பதை நண்பரும் தச்சரும் சேர்ந்தே முடிவு செய்தார்கள்.

சித்தூர், திருப்பதி, திருத்தணிப் பக்கத்துத் தச்சர்கள், கொத்தனார்கள், கொல்லர்கள் வழங்கும் அளவைச் சொற்களைத் தொகுத்துவருகிறேன். உங்கள் ஊரில் நூலுக்கும் குறைந்த அளவை என்னவென்று சொல்கிறார்கள்? ஊர்ப் பெயரோடு எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.