மன்றாட்டு முந்தியது: உத்தரிக்கிற ஸ்தலக் கோட்பாட்டின் தோற்றம்

சாவுக்குப் பின் ஆன்மா தூய்மை பெறும் நிலை ஒன்று உண்டென்று திருச்சபை வரையறுத்தது. அதை நம்பிய மக்கள் இறந்தோர்க்காக மன்றாடத் தொடங்கினர். உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி எழுதுவோர் பலரும், ஏற்போரும் மறுப்போரும், இந்த வரிசையிலேயே சொல்லிச் செல்கிறார்கள். சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. மன்றாட்டுதான் முந்தியது. அதற்குக் காரணம் கற்பிக்க முனைந்தபோதே கோட்பாடு பிறந்தது.

203ஆம் ஆண்டளவில் கார்த்தேஜ் நகரில் மறைசாட்சியாக இறந்த பெர்பெத்துவாவின் சிறைக்குறிப்பு இதற்கு வலுவான சான்று. ஏழு வயதில் முகப்புண்ணால் மாண்ட தம்பி தீனோக்கிராத்தை அவர் கனவில் காண்கிறார். சிறுவன் தாகத்தால் வாடுகிறான். எதிரே நீர்த்தொட்டி இருந்தும் அதன் விளிம்பு அவனுக்கு எட்டவில்லை. அக்காள் இரவும் பகலும் அழுது மன்றாடுகிறார். அடுத்த கனவில் விளிம்பு அவன் தொப்புள் அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது; பொற்கிண்ணத்தால் நீர் பருகிவிட்டு விளையாடப் போகிறான். அவன் இருந்த இடம் எது, ஏன் அங்கிருந்தான் என்ற கேள்விகளைப் பெர்பெத்துவா எழுப்பவேயில்லை. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த அகுஸ்தீனாருக்கோ அவை தலைவலியாயின. திருமுழுக்குப் பெறாதவனுக்கு மன்றாட்டு பயன்படுமா என்ற விவாதத்தில், சிறுவன் திருமுழுக்குப் பெற்றபின் பாவம் செய்திருக்கலாம் என்று அவர் சமாதானம் சொல்ல நேர்ந்தது. நடைமுறைக்கு ஏற்பக் கோட்பாடு வளைவதை இங்கே கண்ணாரக் காண்கிறோம். இறந்த கணவனுக்காகக் கைம்பெண் ஆண்டுதோறும் காணிக்கை செலுத்துவதைக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் குறிப்பிடுவதும் அதே நகரில், ஏறத்தாழ அதே காலத்தில்தான்.

உத்தரிக்கிற ஸ்தலம் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ‘பிறந்தது’ என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழாக் லெ கோஃப் 1981இல் வெளியிட்ட நூலில் நிறுவ முயன்றார். விண்ணகத்துக்கும் நரகத்துக்கும் இடையே அதற்கென ஓர் இடம் வகுக்கப்பட்டதைப் பொறுத்தவரை அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் இடம் என்பது கோட்பாட்டின் மேல்பூச்சே. 1438இல் ஃபெராரா நகரில் இலத்தீன் இறையியலாரோடு வாதிட்ட எபேசு ஆயர் மாற்கு முதலிய கிரேக்கர்கள், தூய்மைப்படுத்தும் நெருப்பை ஏற்கவேயில்லை; இறந்தோர்க்கான மன்றாட்டையோ அவர்கள் ஒருபோதும் கைவிட்டதில்லை. மறு ஆண்டு ஃபிளாரன்ஸ் நகரில் இயற்றப்பட்ட, இரு சபைகளின் ஒன்றிப்பு ஆணை, தூய்மைப்படுத்தும் தண்டனைகள் என்று மட்டும் சொல்லி நெருப்பை விட்டுவிட்டது. நெருப்பும் நிலப்படமும் இல்லாமலே நிலைக்கக்கூடியது எதுவோ அதுவே அடித்தளம்.

இன்னொரு மறுப்பு கடுமையானது: இதெல்லாம் குருக்கள் காசு பறிக்கச் செய்த ஏற்பாடு. தெட்செல் போன்ற போதகர்கள் பாவமன்னிப்புச் சீட்டுகளைப் பரப்பிய விதத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. ஆயினும் ஊழல் ஒரு நம்பிக்கையைச் சுரண்டியது என்பதால் அதுவே நம்பிக்கையைப் படைத்ததாகிவிடாது. பெர்பெத்துவா எந்தக் குருவுக்கும் எதுவும் கொடுக்கவில்லை. 1517இல் லூத்தர் எழுதிய 95 கருத்துரைகளும் உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுக்கவில்லை. அதை அவர் வெளிப்படையாகத் தாக்கியது 1530இல். போரில் மாண்டவர்களுக்காக யூதத் தலைவர் யூதா மக்கபே 2,000 திராக்மா திரட்டி எருசலேமுக்கு அனுப்பிய செய்தியைக் கூறும் மக்கபேயர் இரண்டாம் நூல் திருமுறையைச் சேர்ந்ததல்ல என்பது சீர்திருத்தச் சபையாரின் வாதம். அப்படியே வைத்துக்கொண்டாலும், கிறிஸ்துவுக்கு முன்பே யூதருள் சிலரேனும் இவ்வழக்கத்தைப் போற்றினர் என்பதற்கு அது சான்றாகிறது. அதற்குத் திருமுறைத் தகுதி தேவையில்லை.

மன்றாட்டே அடித்தளம் என்பதைத் திருச்சபையும் உணர்ந்தே எழுதியிருக்கிறது. 1563 டிசம்பரில் திரிதெந்து பொதுச்சங்கம் பிறப்பித்த ஆணை, உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு, அங்குள்ள ஆன்மாக்களுக்கு விசுவாசிகளின் மன்றாட்டும் குறிப்பாகத் திருப்பலியும் உதவும் என்ற இரண்டையே போதித்தது. வீண் ஆர்வத்தையும் மூடநம்பிக்கையையும் இழிந்த ஆதாயத்தையும் தூண்டுபவற்றை ஆயர்கள் தடைசெய்யக் கட்டளையிட்டது. நெருப்பைப் பற்றியோ ஆன்மா அங்கே எத்தனை காலம் இருக்கும் என்பதைப் பற்றியோ அந்த ஆணையில் ஒரு வரியும் இல்லை.