ஓய்வூதியமும் வாழ்க்கைச் செலவும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம்

ஓய்வூதியம் பெறுவோரின் வருமானம் நிலையானது; அவர்கள் வாங்கும் பொருள்களின் விலையோ நிலையற்றது. இம்முரண்பாட்டைத் தீர்க்க அரசுகள் மேற்கொண்ட முயற்சிகளை ஆராய்வதற்கு ஐக்கிய அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புத் திட்டம் தக்க சான்றாக அமைகின்றது.

ஜனாதிபதி ரூஸ்வெல்ற் காலத்தில், 1935ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டத்தின்கீழ், முதலாவது மாதாந்த ஓய்வூதியக் காசோலை 1940 ஜனவரி 31ஆம் திகதியிடப்பட்டு வழங்கப்பட்டது. அதனைப் பெற்றவர் வேர்மொன்ற் மாநிலத்தில் சட்டத்தரணிகளின் அலுவலகமொன்றிற் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஐடா மே புல்லர் என்னும் பெண்மணியாவார். தொகை 22 டொலர் 54 சதம். பத்தாண்டுகள் கழிந்தும் அத்தொகை ஒரு சதமேனும் கூடவில்லை. இக்காலத்தில், உலகப் போரும் அதன் பின்விளைவுகளும் விலைகளை ஏறத்தாழ 70 வீதம் உயர்த்திவிட்டன. எண்ணளவில் மாறாதிருந்த காசோலை தன் பெறுமதியில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கை இழந்தது. 1950இல் காங்கிரஸ் ஓய்வூதியங்களைச் சராசரியாக 77 வீதத்தால் உயர்த்தியபோது புல்லர் அம்மையாரின் தொகை 41 டொலர் 30 சதமாயிற்று. எனினும் இடைப்பட்ட ஆண்டுகளில் முதியோர் இழந்தவை அவர்களுக்கு மீளக் கிடைக்கவில்லை.

அதன்பின்னரும் ஒவ்வோர் உயர்வுக்கும் தனிச்சட்டம் வேண்டியிருந்தது. 1959இன் உயர்வுக்கு அடுத்த பொது உயர்வு 1965இலேயே வந்தது. 1972இன் 20 வீத உயர்வோ ஒக்ரோபர் மாதக் காசோலைகளிற் சேர்ந்தது. அடுத்த மாதம் ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. முதியோரின் உணவும் மருந்தும் சட்டமியற்றுவோரின் தயவிலும் தேர்தற் கணக்கிலும் தங்கியிருந்தமை இதனாற் புலனாகும்.

இவ்வுயர்வை வழங்கிய சட்டமே அந்நிலைக்கு முடிவும் கண்டது. நுகர்வோர் விலைச் சுட்டெண் ஏறுமிடத்து ஓய்வூதியமும் தானாகவே ஏறவேண்டுமென அது விதித்தது. முதலாவது தன்னியக்க உயர்வு 1975 யூலையில் வழங்கப்பட்டது. அது 8 வீதம். அதே ஆண்டு ஜனவரியில் தமது நூறாவது வயதிற் காலமான புல்லர் அம்மையாருக்கு அது கிட்டவில்லை. கடும் பணவீக்கம் நிலவிய 1980இல் உயர்வு 14.3 வீதமாயிற்று.

ஆயினும் இம்முறை குறைபாடற்றதன்று. இனி ஓய்வுபெறவிருந்தோர்க்கு விலையேற்றத்தை இருமுறை கணக்கிட்ட தவறு 1977இல் திருத்தப்பட்டது. நிதி நெருக்கடி காரணமாக 1983இன் சட்டம் ஆண்டு உயர்வை ஆறு மாதம் பின்தள்ளியது. அதன்பின் ஆண்டின் மூன்றாங் காலாண்டு விலைகளை அடிப்படையாகக் கொண்ட உயர்வு அடுத்த ஜனவரியிலேயே கைக்கு வருகின்றது. 2023இல் வழங்கப்பட்ட 8.7 வீதம், முதியோர் 2022இலேயே சுமந்துவிட்ட விலையேற்றத்துக்கு ஈடாகும். சுட்டெண் உயராமையால் 2010, 2011, 2016 ஆகிய ஆண்டுகளில் உயர்வே இருக்கவில்லை.

மேலும், இச்சுட்டெண் நகர்ப்புறக் கூலியாளர், எழுதுவினைஞர் ஆகியோரின் செலவை அளப்பது. மருத்துவத்துக்கு அவர்களினும் கூடிய பங்கைச் செலவிடும் முதியோருக்கெனத் தனிச் சுட்டெண் கணிக்குமாறு 1987இல் காங்கிரஸ் பணித்தது. எனினும் ஓய்வூதிய உயர்வு அதனடிப்படையில் அமையவில்லை.

ஆண்டுதோறும் வரும் உயர்வு முதியோருக்குப் புதுச்செல்வம் அளிப்பதன்று; விலையேற்றம் பறித்ததைக் காலந்தாழ்த்தித் திருப்பிக் கொடுப்பதேயாகும். தயவாக இருந்ததை 1972இன் சட்டம் உரிமையாக்கியது. அவ்வுரிமையின் அளவோ எவருடைய செலவைக்கொண்டு விலையேற்றம் அளக்கப்படுகின்றது என்பதிலேயே தங்கியுள்ளது.